கெனோஜுவாக் அஷெவாக்: ஆந்தைகளை வரைந்த இனுயிட் கலைஞர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பழைய ஆறு சென்ட் அஞ்சல்தலை ஒன்றில் ஓர் ஆந்தை இருக்கிறது. நேராக நம்மையே பார்க்கும். தலையிலிருந்தும் வாலிலிருந்தும் இறகுகள் அலையலையாக நீண்டு கிடக்கும். அதை வரைந்தவர் கெனோஜுவாக் அஷெவாக், கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் பழங்குடி மக்களில் ஒருவர். இணையத்தில் இவரைத் தேடினால் முதலில் வந்து விழுவது விருதுப் பட்டியல்தான். அதைப் படித்து முடித்தபின்பும் அவர் என்ன வேலை செய்தார், யாரோடு சேர்ந்து செய்தார், அதில் சோறு கிடைத்ததா என்பது தெரியாமலே போகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பக்கம்.

கெனோஜுவாக் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1927 அக்டோபர் 3 அன்று, கனடாவின் வடகோடியில் உள்ள பாஃபின் தீவின் தென்கரையில், இகிரசாக் என்ற வேட்டை முகாமில், இக்லூ எனப்படும் பனிக்கட்டி வீட்டுக்குள் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது வயதை ஒட்டித்தான் தாளையும் பென்சிலையும் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்துகொண்டே இருந்தார். நூற்றுக்கணக்கான அச்சுப் படங்கள் அவருடைய ஓவியங்களிலிருந்து வந்தன. 2013 ஜனவரி 8 அன்று, 85ஆவது வயதில், நுரையீரல் புற்றுநோயால் கேப் டார்செட் ஊரில் காலமானார். அந்த ஊருக்கு 2020இல் கிங்கைட் என்ற இனுயிட் பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பிவிட்டது. இந்தப் பக்கத்தில் பழைய சம்பவங்களுக்குக் கேப் டார்செட் என்றும், இப்போதைய விஷயங்களுக்குக் கிங்கைட் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே ஊர்தான்.

சிறுவயது எப்படி இருந்தது?

கடல்நாய், காரிபூ மான், மீன் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும் வாழ்க்கை. குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, கோடையில் தோல் கூடாரம். கெனோஜுவாக் என்பது அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். இறந்தவர் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது இனுயிட் வழக்கம். இறந்தவரின் அன்பும் நல்ல குணமும் பெயரோடு சேர்ந்து குழந்தையிடம் வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பேதம் அங்கே கிடையாது.

அப்பா உஷுவாக்ஜுக் வேட்டைக்காரர், விலங்குத் தோல் வியாபாரமும் செய்தவர். அதோடு அவர் ஓர் ஆங்கக்குக். ஆவிகளோடு பேசி, வானிலையையும் வேட்டையையும் கணித்துச் சொல்பவர். அப்பாவால் வால்ரஸ் என்ற கடல்விலங்காக உருமாற முடியும் என்றும், மீன்களை நீரின் மேல்மட்டத்துக்கு வரவழைக்க முடியும் என்றும் மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அப்பா கொல்லப்பட்டார் என்பது உண்மையா?

உண்மை. அந்தக் காலத்தில் கிறிஸ்தவம் வடக்கே வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. மதம் மாறியவர்களுக்கும் உஷுவாக்ஜுக்கிற்கும் பகை முற்றியது. 1933இல் ஒரு வேட்டை முகாமில் அவரைக் கொன்றுவிட்டார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயதுகூட முழுதாக ஆகியிருக்காது, அல்லது அப்போதுதான் ஆகியிருக்கும்.

அம்மா சிலாக்கி பிள்ளைகளோடு பாட்டி கொவீசாவின் வீட்டுக்குப் போனார். கெனோஜுவாக் கைவேலை கற்றது அங்கேதான். ஹட்சன் பே கம்பெனி என்ற வணிக நிறுவனத்துக்கு விற்கும் கடல்நாய்த் தோல்களைச் சரிசெய்வது, தண்ணீர் புகாத உடைகளைக் காரிபூவின் தசைநாரை நூலாக்கித் தைப்பது என்று எல்லாம் பாட்டி சொல்லிக் கொடுத்தது. இதைத் தையல் பாடம் என்று எளிதாகக் கடந்துவிட வேண்டாம். கத்தியால் தோலை ஒரே வெட்டில் வடிவமாக வெட்டி எடுத்து, அதை வேறு நிறத் தோலின்மேல் வைத்துத் தைக்கும்போது, எது உருவம், எது பின்புலம் என்று கண் பழகிவிடும். கூரான ஓரம், தட்டையான நிறம், நடுவில் நிழலே இல்லாத வடிவம்: இவருடைய அச்சுப் படங்களில் நாம் பார்ப்பது இதேதான். பாணி எங்கிருந்து வந்தது என்று கலை விமர்சகர்கள் தேடிய காலமும் உண்டு. பாட்டியின் தையல் பையில் முதலில் தேடியிருக்கலாம்.

திருமணம்?

19 வயதில் ஜானிபோ அஷெவாக் என்ற வேட்டைக்காரரோடு திருமணம். பெரியவர்கள் முடிவுசெய்தது. பெண்ணுக்கு முதலில் விருப்பமில்லை. ஜானிபோ பக்கத்தில் வந்தாலே சிறு கற்களை எடுத்து எறிவாராம். பிறகு மனம் மாறியது, நல்ல ஜோடியாக வாழ்ந்தார்கள். ஜானிபோவும் வரைந்தார், சிற்பம் செதுக்கினார். ஒருவர் வேலையை மற்றவர் மதித்த குடும்பம்.

11 பிள்ளைகள் பிறந்தார்கள், ஐந்து பிள்ளைகளைத் தத்தெடுத்தார்கள். இவர்களில் ஏழு பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். ஜானிபோ 1972இல் இறந்தார். அதற்குப் பிறகு கெனோஜுவாக் இரண்டு முறை மணந்துகொண்டார்.

மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்தாராமே?

1950களில் வடகனடாவில் காசநோய் ஊரூராகப் பரவியிருந்தது. அரசு என்ன செய்தது என்றால், வடக்கில் மருத்துவமனை கட்டுவதற்குப் பதிலாக நோயாளிகளைத் தெற்கே கொண்டுபோனது. 1950களின் நடுவில் ஏறக்குறைய ஏழு இனுயிட்டுகளில் ஒருவர் தெற்கத்திய மருத்துவமனை ஒன்றில் இருந்தார் என்று கணக்கு சொல்கிறது. மொழி தெரியாது, உணவு பிடிக்காது, வீட்டுக்குச் செய்தி சொல்ல வழி கிடையாது. இறந்தவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. இதற்காக அப்போதைய கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2019 மார்ச்சில் இக்காலுயிட் நகரில் மன்னிப்புக் கேட்டார்.

கெனோஜுவாக்கை 1952 தொடக்கத்தில் கியூபெக் நகரத்தின் பார்க் சவார்ட் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போக மறுத்தும் கேட்கவில்லை. அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. அந்தக் குழந்தையைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்தது. 1955 கோடையில்தான் வீடு திரும்ப முடிந்தது. அவர் அங்கே இருந்த காலத்தில் ஊரில் அவருடைய பிள்ளைகள் சிலர் இறந்தார்கள்.

அந்த மருத்துவமனையில் ஹரோல்ட் ஃபைஃபர் என்பவர் நோயாளிகளுக்குக் கைவினை கற்றுக்கொடுத்தார். பொம்மை செய்வது, மணி கோர்த்துத் தைப்பது போன்றவை. கெனோஜுவாக் அதில் கைதேர்ந்தார். சில கட்டுரைகள் இதை “துன்பத்தில் பிறந்த கலை” என்று அழகாக மடித்துக் கொடுத்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய கை அதற்கு முன்பே பழகிய கை. மருத்துவமனை கொடுத்தது கொஞ்சம் பயிற்சி, எடுத்துக்கொண்டது மூன்று ஆண்டுகளும் பிள்ளைகளும்.

வரையத் தொடங்கியது எப்படி?

இங்கே ஜேம்ஸ் ஹூஸ்டன், அல்மா ஹூஸ்டன் தம்பதி வருகிறார்கள். ஜேம்ஸ் ஓவியர். 1948இல் வடக்கே வந்து, இனுயிட் சிற்பங்களைத் தெற்கே கொண்டுபோய் விற்க வழிசெய்தவர். 1950களில் கேப் டார்செட்டில் அரசு அதிகாரியாகக் குடியேறினார். கெனோஜுவாக் தைத்த ஒரு கடல்நாய்த் தோல் பை அவர் கண்ணில் பட்டது. அதில் ஒரு வடிவம் வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. முயல் கடற்பாசி தின்கிறது என்றார் கெனோஜுவாக். அந்த வடிவமே ‘கடற்பாசி தின்னும் முயல்’ என்ற அவருடைய முதல் அச்சுப் படமானது. 1959இல் வெளியான, கேப் டார்செட் அச்சுப் படங்களின் முதல் ஆண்டுத் தொகுப்பில் அது இருக்கிறது. அடுத்து தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொன்னார்கள். அவ்வளவுதான் தொடக்கம்.

மரமே இல்லாத ஊரில் அச்சுக்கலை எப்படி வந்தது?

ஹூஸ்டன் சொன்ன கதை இது. 1957 குளிர்காலத்தில் ஒசுயிடோக் இப்பீலி என்ற சிற்பி இரண்டு சிகரெட் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் அச்சு அசலாக ஒரே மாலுமியின் தலை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் இதே தலையை வரைந்துகொண்டிருப்பவனுக்கு எவ்வளவு அலுப்பாக இருக்கும் என்றாராம். அச்சிடுவது என்றால் என்ன என்று விளக்க, ஒசுயிடோக் செதுக்கியிருந்த தந்தத்தில் மை தடவி, மெல்லிய தாளை அழுத்தி எடுத்துக் காட்டினார் ஹூஸ்டன். நாமும் இதைச் செய்யலாமே என்றார் சிற்பி.

கதை ரொம்ப அழகாக இருப்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பின் நடந்தவை கதை இல்லை. ஹூஸ்டன் ஜப்பான் போய் உனிச்சி ஹிராட்சுகா என்ற மர அச்சுக் கலைஞரிடம் சில மாதங்கள் பயின்று, 1959இல் திரும்பி வந்தார். ஜப்பானியர் மரத்தில் செதுக்குவதை இங்கே கல்லில் செதுக்கினார்கள். காரணம் எளிது: ஊரில் மரம் இல்லை, கல் இருக்கிறது, கல்லைச் செதுக்கிப் பழகிய கைகளும் இருக்கின்றன. அதே 1959இல் மேற்கு பாஃபின் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பங்குதாரர்கள் ஊர் மக்களே.

இந்தக் கல் அச்சு எப்படிச் செய்யப்படுகிறது?

முதலில் ஒரு விளக்கம். தமிழில் கல்லச்சு என்றால் பழைய புத்தகங்கள் அச்சான லித்தோகிராஃப் முறைதான் நினைவுக்கு வரும். அதில் கல்லைச் செதுக்குவதில்லை; கொழுப்பும் நீரும் ஒட்டாத தன்மையை வைத்து அச்சிடுவது. கேப் டார்செட்டில் பெயர் வாங்கியது வேறு முறை, கல்லையே ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி செதுக்குவது.

கல்லின் ஒரு பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்குவார்கள். அதன்மேல் ஓவியரின் கோடுகளைப் பிரதியெடுப்பார்கள். மை படக்கூடாத இடங்களைச் செதுக்கி இறக்கிவிடுவார்கள். மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை தடவி, மெல்லிய ஜப்பானியத் தாளைப் போர்த்தி, பின்பக்கத்தைக் கையால் தேய்ப்பார்கள். இயந்திரம் கிடையாது. அழுத்தம் கூடினால் மை பரவும், குறைந்தால் வெள்ளைப் புள்ளி விழும். பல நிறம் என்றால் கல்லின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மையைத் தனித்தனியாகத் தடவ வேண்டும். ஒரு நிறம் மற்றொன்றில் மெல்லக் கரைவதுபோல வருவதெல்லாம் உருளை பிடிப்பவரின் கைத்திறன். இப்படியே ஒவ்வொரு தாளாக, வழக்கமாக ஐம்பது பிரதிகள். அவை முடிந்ததும் கல்லின் முகத்தை அழித்துவிடுவார்கள், 51ஆவது பிரதி யாரும் எடுக்க முடியாதபடி.

அப்படியானால் கெனோஜுவாக் தானே அச்சடிக்கவில்லையா?

பெரும்பாலும் இல்லை. இதுதான் வாசகர்களுக்கு அதிகமாகக் குழப்பம் தரும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கேப் டார்செட்டில் வேலை பிரிந்திருந்தது. வரைபவர் ஒருவர். கூட்டுறவுச் சங்கம் அவரிடம் ஓவியத்தை வாங்கும். நிறைய ஓவியங்களிலிருந்து அந்த ஆண்டுத் தொகுப்புக்கு எது சரிவரும் என்று பட்டறையில் தேர்வு நடக்கும். பிறகு செதுக்குபவரும் அச்சிடுபவரும் வேலையை எடுத்துக்கொள்வார்கள். ஆரம்ப காலத்தில் லுக்டா கியாட்சுக், கானாங்கினாக் பூட்டூகூக், ஈகிவுட்லுக் பூட்டூகூக், இயோலா கிங்வாட்சியாக் போன்ற ஆண்கள்தான் பட்டறையில் இருந்தார்கள். வரைந்தவர்களில் பெண்கள் நிறைய. பெண்கள் வீட்டிலோ முகாமிலோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, விளக்கு வெளிச்சத்தில் வரைந்தார்கள்.

ஆகவே கெனோஜுவாக்கின் ஒரு படத்தைப் பார்க்கும்போது, பென்சில் கோட்டை எந்த அளவுக்கு அப்படியே விட வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று முடிவெடுத்த இன்னொருவரின் கண்ணும் அதில் இருக்கிறது. தொகுப்புகளில் இருவர் பெயரையும் போடுவார்கள். செய்தித்தாளில் ஒருவர் பெயர்தான் வரும். தனிமையில் உட்கார்ந்து படைக்கும் மேதை என்ற சித்திரம் இவருக்குப் பொருந்தாது. பழங்குடி மனசிலிருந்து தானாக ஊற்றெடுத்த கலை என்ற சித்திரமும் பொருந்தாது. இவர் ஒரு தொழிற்கூடத்தோடு சேர்ந்து இயங்கிய, தன் வேலை தெரிந்த ஓவியர்.

விதிவிலக்கும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் செப்புத்தகட்டில் கீறும் முறை வந்தபோது, நடுவில் யாரும் இல்லாமல் அவரே தகட்டில் நேரடியாகக் கீறினார். அந்தப் படங்களில் கோடு மெலிதாக, கொஞ்சம் தடுமாற்றத்தோடு இருக்கும். கல் அச்சின் பளிச்சென்ற நிறத்துக்குப் பழகியவர்கள் இவற்றைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இவைதான் அவருடைய கைக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றும்.

‘மாய ஆந்தை’ படம் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

1960இல் வந்தது. அச்சிட்டவர் ஈகிவுட்லுக் பூட்டூகூக். ஐம்பது பிரதிகளில் 25 சிவப்பும் கறுப்பும், 25 பச்சையும் கறுப்பும். பறவையின் உடல் குண்டாக, அசையாமல் நிற்கிறது. அதன் இறகுகளோ உடலைவிட நீளமாக, எல்லாத் திசையிலும் வளைந்து பாய்கின்றன. நின்றுகொண்டே பறக்கும் ஒன்றைப் போல இருக்கும். சின்ன அஞ்சல்தலையாகச் சுருக்கினாலும் அடையாளம் தெரியும். பெரிதாகச் சுவரில் மாட்டினாலும் அலுக்காது. புகழுக்கு இந்த வடிவத் தெளிவு பாதிக் காரணம்.

மீதிக் காரணம் அரசு. வடமேற்கு நிலப்பகுதிகள் என்ற கனடாவின் வடக்கு நிர்வாகப் பகுதியின் நூற்றாண்டையொட்டி 1970இல் இந்த ஆந்தை ஆறு சென்ட் அஞ்சல்தலையாக வந்தது. கனடாவின் வீடுவீடாக ஆந்தை போய்ச் சேர்ந்தது. 2018இல் டொராண்டோவில் நடந்த ஏலத்தில் ஒரு பிரதி 2,16,000 கனடிய டாலருக்கு விற்றது.

ஏன் எப்போதும் ஆந்தை? அதற்கு ஏதாவது தத்துவப் பொருள் உண்டா?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்டார்கள். அவர் பதில் கேட்பவர்களைக் கொஞ்சம் ஏமாற்றும். படம் எதையாவது குறிக்க வேண்டும் என்று தான் கவலைப்படுவதில்லை, தாளில் தன் கண்ணுக்கு அழகாக அமைய வேண்டும், அதில்தான் தன் கவனம் என்பதுபோலத்தான் சொல்வார். முழுப் படத்தையும் மனதில் திட்டமிட்டுக்கொண்டு தொடங்குபவரும் இல்லை. ஓரிடத்தில் கோட்டைத் தொடங்கி, அது போகும் போக்கில் போய், ஒரு பக்கம் வந்த வளைவுக்கு மறுபக்கம் பதில் வளைவு போட்டு, நடுவில் இடம் இருந்தால் ஒரு முகத்தையோ மீனையோ வைப்பார்.

அப்பா ஆங்கக்குக் என்று தெரிந்ததும், எல்லா ஆந்தையிலும் ஆவியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பறவை மனிதமுகமாவது, மீனிலிருந்து சிறகு முளைப்பது என்று உருமாறும் உயிர்கள் அவர் படங்களில் இருப்பது உண்மைதான். அந்தக் கதைகளோடு வளர்ந்தவர். ஆனால் ஓவியர் அழகுக்காக வரைந்தேன் என்று சொன்னால், அதை நம்பலாம். ஐரோப்பிய ஓவியர் ஒருவர் இப்படிச் சொன்னால் நவீனத்துவம் என்று தலையாட்டுகிறோம். இனுயிட் பெண் சொன்னால் மட்டும், இல்லை, உள்ளே ஏதோ மறைஞானம் இருக்கிறது என்று விடாமல் துருவுவது சரியாகப்படவில்லை.

இன்னொன்று: ஆந்தைக்குச் சந்தை இருந்தது. எது விற்கிறது என்று அவருக்கும் தெரியும், கூட்டுறவுக்கும் தெரியும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆந்தை தவிர வேறு என்ன வரைந்தார்?

அண்டங்காக்கை, கடற்புறா, நரி, முயல், நாய், ஆர்க்டிக் சார் மீன், பெண்களின் முகம், அப்புறம் சூரியன். 1961இல் வந்த ‘சூரியனின் திரும்புதல்’ என்ற படமும் அஞ்சல்தலையானது, 1980இல், 17 சென்ட். ஒரு சின்னத் தகவல்: கிங்கைட் ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. அதனால் அங்கே மாதக்கணக்கில் சூரியனே தெரியாத இருட்டு வராது. குளிர்காலப் பகல் சில மணி நேரத்துக்குச் சுருங்கும், அவ்வளவுதான். ஆறு மாத இரவில் வரைந்தார் என்று எழுதுபவர்கள் வரைபடம் பார்ப்பதில்லை.

1970களில் ஊருக்கு லித்தோகிராஃப் அச்சகம் வந்தது, அதிலும் வேலை செய்தார். வயதான காலத்தில் மாண்ட்ரியல் அச்சுப் பட்டறை ஒன்றோடு சேர்ந்து அமிலத்தால் தகட்டை அரிக்கும் எட்சிங் முறையிலும் பெரிய படங்கள் செய்தார். கல்லில் சிற்பமும் செதுக்கினார். 2004இல் ஒண்டாரியோவின் ஓக்வில் நகரில் ஆப்பிள்பி கல்லூரியின் சிற்றாலயத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வடிவமைத்தார். ஆந்தையும் சார் மீனும்தான் அதிலும்.

1970 ஒசாகா உலகப் பொருட்காட்சியில் கனடா அரங்கத்துக்காக இவரும் ஜானிபோவும் சேர்ந்து சுவர் அளவு சுதைச் சிற்பம் ஒன்றைச் செதுக்கினார்கள். கணவனும் மனைவியும் பெரிய அளவில் சேர்ந்து செய்த வேலை அது. இரண்டே ஆண்டில் ஜானிபோ இறந்துவிட்டார்.

இதில் அவருக்குப் பணம் கிடைத்ததா?

கிடைத்தது, ஆனால் நாம் நினைக்கும் அளவில் இல்லை. ஓவியத்தைக் கொடுத்ததும் கூட்டுறவு காசு கொடுத்துவிடும். அது அச்சுக்குத் தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஓவியருக்குக் கிடைத்தது கிடைத்ததுதான். தோல் விலை விழுந்து, நாய்கள் குறைந்து, குடும்பங்கள் முகாமை விட்டு ஊருக்குள் குடியேறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கைக்காசு பெரிய ஆதரவு. மாவு, தேநீர், துப்பாக்கித் தோட்டா, பிள்ளைகளுக்குத் துணி எல்லாம் இதில்தான். கெனோஜுவாக் குடும்பமே 1966இல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கேப் டார்செட்டுக்குள் வந்தது.

1960களின் தொடக்கத்தில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் இவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தது. இயக்கியவர் ஜான் ஃபீனி. அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நடித்ததற்குக் கிடைத்த பணத்தில் ஜானிபோவுக்குச் சொந்தமாக ஒரு படகு வாங்க முடிந்தது. அதனால் அவர் யாரையும் நம்பாமல் வேட்டைக்குப் போக ஆரம்பித்தார். மனைவியின் ஓவியம் கணவனின் வேட்டைக்கு முதலாகியிருக்கிறது.

சரி, அந்த 2,16,000 டாலர்? அது படத்தை வைத்திருந்தவருக்குப் போனது. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தர வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. அவர் வாழ்ந்த காலத்தில் கனடாவில் அது இல்லை. வடக்கின் கலைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இது.

கூட்டுறவை நடத்தியது யார்? வெள்ளையர்கள்தானா?

இரண்டும் கலந்தது. 1960இல் டெரி ரயன் என்ற டொராண்டோ ஓவியர் வந்தார். நாற்பது ஆண்டுகள் அதோடு இருந்தார். முகாம் முகாமாகத் தாள் கொடுத்து வரையச் சொன்னவர், தெற்கே விற்பனைக்கு வழிசெய்தவர். நிர்வாகக் குழுவும் உறுப்பினர்களும் இனுயிட் மக்கள். பணத்தில் கடை, எரிபொருள் விநியோகம் என்று ஊருக்குத் தேவையானவற்றையும் அதே சங்கம் நடத்தியது. 1978இல் டொராண்டோவில் விற்பனைக் கிளை ஒன்றையும் திறந்தார்கள். தெற்கத்தியவரின் ரசனை தேர்வில் தலையிட்டதா என்றால், தலையிட்டது. எந்தப் படம் ‘அசல் இனுயிட்’ என்று தெற்கே உட்கார்ந்த குழு தீர்ப்புச் சொன்ன காலமும் உண்டு. ஊரில் அதை யாரும் ரசிக்கவில்லை.

‘எஸ்கிமோ’ என்று எழுதலாமா?

வேண்டாம். இனுயிட் என்றே எழுதுங்கள். ஒருவரைக் குறிக்க இனுக். பழைய படத் தலைப்புகளிலும் நிறுவனப் பெயர்களிலும் அந்தச் சொல் வரும். அங்கே மட்டும் அப்படியே இருக்கட்டும்.

என்னென்ன விருதுகள்?

1967இல் ஆர்டர் ஆஃப் கனடா விருது தொடங்கப்பட்டபோதே அதைப் பெற்ற முதல் வரிசையில் இருந்தார். 1982இல் அதன் மிக உயர்ந்த படிநிலை. 1974இல் ராயல் கனடியக் கலைக் கழகத்தின் உறுப்பினர். குவீன்ஸ், டொராண்டோ பல்கலைக்கழகங்களின் கௌரவப் பட்டங்கள். 2001இல் கனடாவின் ‘வாக் ஆஃப் ஃபேம்’ நடைபாதையில் இடம். இனுயிட் மக்களில் முதல் ஆள். 2008இல் காட்சிக்கலைக்கான கவர்னர் ஜெனரல் விருது. 2012இல் ஆர்டர் ஆஃப் நுனாவுட்.

நுனாவுட் என்பது 1999 ஏப்ரல் 1 அன்று உருவான இனுயிட் பெரும்பான்மை நிலப்பகுதி. அந்த ஏப்ரல் மாதம் வெளியான 25 சென்ட் நாணயத்தின் வடிவம் இவருடையது. அதற்கு முன்பு, நில உரிமை ஒப்பந்தப் பேச்சு முன்னேறியபோது, 1990இல் அதற்காக ஒரு பெரிய லித்தோகிராஃப் செய்யவும் இவரைத்தான் அழைத்தார்கள். இறந்த பிறகு, 2017இல், கனடாவின் 150ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட பத்து டாலர் நோட்டில் ‘ஆந்தையின் பூங்கொத்து’ என்ற படம் இடம்பெற்றது. நான்கு கோடி நோட்டுகள் அச்சடித்தார்கள். ஐம்பது பிரதியோடு நிறுத்திப் பழகிய கலைஞரின் படம்!

அவருக்குப் பின் யார்?

பின் என்பதற்கு முன்னால், கூடவே யார் என்று கேட்க வேண்டும். பிட்சியோலாக் அஷூனா இவரைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்தவர். கணவரை இழந்து, பிள்ளைகளை வளர்க்க வரையத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஓவியங்களை விட்டுச் சென்றவர். கெனோஜுவாக்கின் உலகத்தில் பறவையும் வடிவமும் என்றால், பிட்சியோலாக்கின் உலகத்தில் கூடாரம் அடிப்பது, இடம்பெயர்வது, குழந்தையைச் சுமப்பது எல்லாம் இருக்கும். அவருடைய மகள் நபாச்சி, பேத்திகள் ஆனி பூட்டூகூக், ஷுவினை அஷூனா எல்லோரும் பெயர்பெற்றவர்கள். ஆனி, ஆந்தையையே தொடாமல், டிவி பார்க்கும் குடும்பத்தையும் சமையலறையையும் குடிபோதை அடிதடியையும் வரைந்தார். கெனோஜுவாக்கின் உறவுக்காரரான டிம் பிட்சியுலாக் திமிங்கலங்களை வரைந்தார். 2016இல் சின்ன வயதிலேயே போய்விட்டார்.

கிங்கைட்டில் சுமார் 1,400 பேர்தான். ஆண்டுத் தொகுப்பு இன்றும் வருகிறது. 2018இல் கெனோஜுவாக் பெயரில் பண்பாட்டு மையமும் புதிய அச்சுப் பட்டறையும் திறந்தார்கள்.

ஒரு படம் விற்பனைக்கு வந்தால், அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தின் கீழே பென்சிலில் தலைப்பு, ஆண்டு, 12/50 போல ஒரு எண் இருக்கும். முதல் எண் பிரதியின் வரிசை, இரண்டாவது மொத்தப் பிரதிகள். அருகே இனுயிட் மொழியான இனுக்டிடுட்டின் அசை எழுத்தில் கலைஞர் பெயர், சின்னச் சின்ன முத்திரைகள், கூட்டுறவின் சிவப்பு இக்லூ அடையாளம். தாள் மெல்லியதாக, ஓரம் நார்நாராக இருக்கும். இவருடைய ஆந்தைகள் நாட்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் சுவரொட்டியிலும் ஏராளமாக அச்சாகியிருக்கின்றன. அவற்றைச் சட்டம்போட்டு ‘அச்சுப் படம்’ என்று விற்பது பொய் இல்லைதான், ஆனால் நீங்கள் தேடுவதும் அது இல்லை. விலை கொடுக்குமுன் அந்த ஆண்டுத் தொகுப்பின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

ஒட்டாவாவில் கனடா தேசியக் கலைக்கூடம், அதற்கு ஆற்றின் அக்கரையில் கட்டினோவில் கனடா வரலாற்று அருங்காட்சியகம். வின்னிபெக் கலைக்கூடத்தில் 2021இல் திறந்த கவுமாஜுக் மையத்தில் தற்கால இனுயிட் கலையின் மிகப் பெரிய பொதுச் சேகரிப்பு இருக்கிறது. டொராண்டோவில் இருப்பவர்களுக்கு மிக அருகில் கிளைன்பெர்க் மெக்மைக்கேல் அருங்காட்சியகம். கூட்டுறவு பல பத்தாண்டுகளாக வாங்கிச் சேர்த்த ஓவியங்கள் நீண்ட காலக் கடனாக அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன, சுமார் ஒரு லட்சம் தாள்கள். அச்சுக்குப் போகாத பென்சில் ஓவியங்களை அங்கே பார்த்தால் செதுக்குபவரும் அச்சிடுபவரும் என்ன சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று புரியும். எல்லாம் ஒரே நேரத்தில் காட்சியில் இருக்காது. தாளும் நிறமும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். கிளம்புமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.